அங்க அடையாளம்

செல்வநாயகி என்பது அவருடைய சொந்தப் பெயர் இல்லை. உங்களைப் பற்றி எழுதட்டுமா என்று நான் கேட்டபோது அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். கழுநீரை வாளியில் ஊற்றிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "எழுதுங்க சார். பேர மட்டும் மாத்திடுங்க. கடை எந்தத் தெருவுன்னு சொல்லிடாதீங்க" என்றார். என்ன பெயர் வைக்கட்டும் என்று கேட்டேன். அவரே யோசித்துச் சொன்ன பெயர் இது. பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பாடம் எடுத்த ஒரு டீச்சரின் பெயராம். ரொம்ப நாளாக அந்தப் பெயர்மேல் ஓர் ஆசை.

ஆகவே விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகள் இருக்கும் பக்கம் ஓர் இட்லிக் கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் அந்தக் கம்பெனிகளில் ஃபியூஸ் கட்டையும் அகல்விளக்கும் கொலு பொம்மையும் வாங்கி வெளியூர்களுக்கு அனுப்புகிறவன். லாரியில் சரக்கு ஏற்றும் நாட்களில் எனக்குக் காலைச் சாப்பாடு அங்கேதான். தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, ஒரு பெரிய இட்லிக் குண்டான். புருவத்தில் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்க, சூளை வேலை முடித்து வருகிறவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். யாருக்குக் காரச் சட்னி, யாருக்குச் சாம்பாரை இட்லிமேல் ஊற்றக்கூடாது என்பதெல்லாம் செல்வநாயகிக்கு மனப்பாடம். அவருக்கு ஐம்பது வயதுக்குப் பக்கம். பிறந்தது கருவேப்பிலங்குறிச்சி. கணவர் நடராசன் ஒரு கம்பெனியில் சூளைக்குள் சரக்கு அடுக்குகிறவர். ஒரே மகள் அகல்யா, தினமும் பஸ்ஸில் சிதம்பரம் போய்க் கல்லூரியில் படிக்கிறாள்.

செல்வநாயகியின் இடது முன்கையில் ஒரு பச்சை உண்டு. சின்னப் பெண்ணாக இருந்தபோது மாசி மகத்துக் கூட்டத்தில் குத்திக்கொண்டது. அண்ணன் ராஜவேல் (இதுவும் மாற்றிய பெயர்தான்) பெயரைத்தான் குத்தச் சொன்னார்கள். பச்சை குத்திய அம்மாள் வேகத்தில் கொம்பைப் போட மறந்துவிட்டார். 'ராஜவல்' என்று நின்றுவிட்டது. கடைக்கு வருகிற எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். "எங்கண்ணனுக்கு மட்டும் கொம்பு கெடையாது சார், ரொம்பத் தங்கமானவரு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இட்லி வைக்கும்போது தட்டோடு சேர்ந்து நம் முன்னால் நீள்வது அந்தக் கைதான்.

சில வருஷங்களுக்கு முன்னால் அவர் முழுக்கை ரவிக்கைக்கு மாறினார். அடுப்பு அனல் தாங்கவில்லை என்று சொன்னார். நாங்கள் நம்பினோம்.

உண்மையில் முழங்கைக்குக் கீழே முதலில் காசளவுக்குச் சிவந்து, மேலே வெள்ளையாகச் செதில் கட்டியது. சொறிந்தால் உதிர்ந்தது. பிறகு இரண்டு முன்கையிலும் இரண்டு மூன்று இடத்தில் வந்தது. தேங்காய் எண்ணெய் தடவினார், வேப்பிலை அரைத்துப் போட்டார். பெண்ணாடத்தில் ஒரு வைத்தியர் காளாஞ்சகப்படை என்று பெயர் சொல்லி, கத்திரிக்காயும் கருவாடும் ஆகாது என்றார். நிறுத்தியும் பார்த்தார். வெயில் காலத்தில் அடங்கும், மார்கழிப் பனிக்குத் திரும்ப வரும். கணவருக்கும் மகளுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. "சோத்துத் தொழில் சார். இட்லிக்காரி கையில படைன்னா யாரு வாய் வெப்பா?" என்று என்னிடம் பிற்பாடு சொன்னார்.

ஒரு மார்கழியில் அகல்யா காலேஜ் பஸ்ஸில் போகும்போது போனில் தேடி, தோல் டாக்டர்களின் சங்கம் ஒன்று நடத்தும் இணையதளத்தைக் கண்டுபிடித்தாள். அந்தச் சங்கத்தின் பெயர் இங்கே வேண்டாம். கண்ட மருந்து விற்கிறவர்கள் இல்லை, முறையாகப் படித்த டாக்டர்கள். நிபுணரிடம் கேளுங்கள் என்று அதில் ஒரு பக்கம் இருந்தது. பெயர், வயது, ஊர், போன் நம்பர், தொந்தரவு என்ன என்று கேட்டது. முடிந்தால் ஒரு படம். அன்று சாயந்திரம் வீட்டுக்குப் பின்னால் குழாயடி வெளிச்சத்தில் அம்மாவின் கையைப் படம் பிடித்தாள். கடைசியில் இரண்டு சின்னக் கட்டங்கள் இருந்தன. பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதோ இங்கிலீஷ். இரண்டையும் தொட்டால்தான் அனுப்புகிற பட்டன் உயிர் பெற்றது. தொட்டாள். அனுப்பினாள்.

பதில் வந்தது. நல்ல பதில். இதற்குச் சொரியாசிஸ் என்று பெயர், இது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது, சுத்தமில்லாததால் வருவதும் இல்லை, மருந்துக்கடையில் கேட்டுக் களிம்பு வாங்கிப் போட வேண்டாம், கடலூர் ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரை நேரில் பாருங்கள் என்று பொறுமையாக எழுதியிருந்தார்கள். போனார்கள். களிம்பு கொடுத்தார்கள். சித்திரைக்குள் கை பழைய கையாகிவிட்டது. "மூஞ்சி தெரியாத டாக்டரு, நம்ம கைய மட்டும் பாத்துட்டு எவ்ளோ கரெக்டா சொன்னாரு" என்று செல்வநாயகி மகளிடம் பல தடவை சொல்லியிருக்கிறார்.

புரட்டாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, கூட்டம் வரவில்லை.

வந்தவர்களும் டீயோடு நிறுத்திக்கொண்டார்கள். கம்பெனி ஏதும் லீவோ என்று அவர் நினைத்தார். மறுநாளும் ஒரு ஈடு இட்லி அப்படியே ஆறிப்போய் மிஞ்சியது. தெரிந்த ஆள் ஒருவர், "அக்கா, மாவு ஆட்டறது நீங்களா, நடராசண்ணனா?" என்று கேட்டார். பத்து வருஷமாகச் சாப்பிடுகிறவர் இதை ஏன் இன்றைக்குக் கேட்கிறார் என்று அவருக்குப் புரியவில்லை. மத்தியானம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது திருப்பூரிலிருந்து அண்ணன் ராஜவேல் கூப்பிட்டார்.

"ஏம்மா, கையில என்னா ஒனக்கு?"

"கையில ஒண்ணுமில்லியே. ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? எம்பேரு போட்ட கை என் போனுக்கே வந்துச்சி. ராஜவல்னு ஒலகத்துலயே ஒரு கையிலதான எழுதியிருக்குது."

அவர் ரவிக்கைக் கையை மேலே ஏற்றிப் பார்த்தார். தோலில் ஒன்றுமில்லை. பெயர் மட்டும் இருந்தது.

சாயந்திரம் அகல்யா வந்ததும் மாமாவிடமிருந்து அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தாள். அவள் எடுத்த படம்தான். குழாயடிச் சுவர்கூடத் தெரிந்தது. ஓரத்தில் சங்கத்தின் முத்திரை. இணையதளத்துக்குப் போய்ப் பார்த்தால், சொரியாசிஸ் பற்றிப் பொதுமக்களுக்காக அவர்கள் புதிதாகப் போட்டிருந்த கட்டுரையின் தலையில் அம்மாவின் கை பெரிதாகக் கிடந்தது. பெயர் இல்லை, ஊர் இல்லை, முகம் இல்லை. செதில்களுக்குக் கீழே 'ராஜவல்' மட்டும். இது ஒட்டாது என்ற வரி கட்டுரையில் இருக்கத்தான் செய்தது, ரொம்பக் கீழே தள்ளி. அதுவரைக்கும் யார் போவார்கள்? படத்தை மட்டும் கத்தரித்து, நம்ம கடை அக்கா கையா பாருங்க என்று யாரோ யாருக்கோ அனுப்ப, அது கம்பெனி கம்பெனியாக வாட்ஸ்அப்பில் சுற்றியிருக்கிறது. எனக்கும் வந்தது. அழித்தேன். என் போனில்தான் அழிந்தது.

அகல்யா அழுதாள். "நான்தாம்மா அனுப்புனேன். கட்டத்த நான்தான் தொட்டேன்."

"டாக்டருக்குத்தான அனுப்புன? ஊருக்கா அனுப்புன?" என்றார் அம்மா. மகளைத் திட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "நீ எதத் தொட்டியோ அதுல என்னா எழுதியிருக்குதுன்னு இப்பப் படி" என்றார்.

பக்கத்தின் அடியில், தனியுரிமை என்ற பெயரில் அது இருந்தது. முழுக்க இங்கிலீஷ். அகல்யா வரிவரியாகப் படித்துத் தமிழில் சொன்னாள். நீங்கள் தரும் பெயர், போன் நம்பர் எல்லாம் எங்களிடம் இருக்கும். எந்த ஊரிலிருந்து, என்ன மாதிரி போனில் எங்கள் பக்கத்துக்கு வந்தீர்கள் என்பதையும் குறித்து வைப்போம். விற்க மாட்டோம். வேறு யாருக்கும் தர மாட்டோம். சட்டப்படி கேட்டால் தருவோம். நீங்கள் அனுப்பும் படங்களை, உங்கள் அடையாளம் தெரியாத வகையில், மருத்துவக் கல்விக்கும் மக்கள் விழிப்புணர்வுக்கும் பயன்படுத்தலாம்.

"அடையாளம் தெரியாமன்னா?"

"மூஞ்சி இல்லாம, பேரு போடாமன்னு அர்த்தம்மா."

செல்வநாயகி எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். அடியில் கிடந்த பள்ளிக்கூடத்து சர்ட்டிபிகேட்டை எடுத்துவந்து மகளிடம் நீட்டினார். அங்க அடையாளங்கள் என்ற இடத்தில் பழைய மசியில் எழுதியிருந்தது: 'இடது முன்கையில் பச்சை.'

"கவர்மெண்டே இதத்தான் எனக்கு அடையாளம்னு எழுதியிருக்குது. இவங்க இல்லங்கறாங்க" என்றார்.

அந்தக் கையைப் பற்றி அவர் முதன்முதலில் எழுதிக் கொடுத்தது டாக்டருக்கு இல்லை, கொளஞ்சியப்பர் சாமிக்கு. மணவாளநல்லூர் கோயிலில் குறையை மனுவாக எழுதி, பேரும் ஊரும் போட்டு, பிராது கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். கட்டித் தொங்குகிற சீட்டை யாரும் பிரித்துப் படிப்பதில்லை. படித்தாலும் வெளியே சொல்கிற ஆள் இல்லை சாமி. காரியம் முடிந்ததும் ராஜினாமா என்று ஒன்று கொடுத்துப் பிராதை வாபஸ் வாங்கிக்கொண்டு வருவார்கள். செல்வநாயகிக்கு அந்த ஞாபகம்தான் வந்தது.

"சாமிகிட்டயே வாபஸ் வாங்கறோம். இவங்ககிட்ட வாபஸ் வாங்க வழி இருக்குதா பாரு."

இருந்தது. கடைசிக்கு முந்திய பத்தியில், கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்று போட்டு ஒரு மெயில் விலாசம் தந்திருந்தார்கள். அகல்யா இங்கிலீஷில் கடுமையாக எழுத ஆரம்பித்தாள். சட்டம், வழக்கு என்றெல்லாம் போட்டாள். அம்மா அதை நிறுத்திவிட்டு, "நான் சொல்றத தமிழ்லயே போடு" என்று சொல்லச் சொல்ல எழுதவைத்தார்.

'அய்யா, உங்கள் பக்கத்தில் இருக்கும் கை என்னுடையது. அதில் இருப்பது என் அண்ணன் பெயர். நான் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். வைத்தியம் சொன்னதற்கு நன்றி. கையை எடுத்துவிடவும்.'

உங்கள் செய்தி கிடைத்தது என்று இங்கிலீஷில் ஒரு பதில் அந்த நிமிடமே வந்தது. எந்திரம் போட்ட பதில். அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. படம் அப்படியே இருந்தது. அகல்யா தினமும் பஸ் ஏறியதும் முதல் வேலையாக அதைத் திறந்து பார்ப்பாளாம். இன்னும் இருக்கிறதா என்று பார்க்கப் போகிற ஒவ்வொரு தடவையும் ஊரிலிருந்து இன்னொரு ஆள் வந்தார் என்று அங்கே கணக்கு ஏறும் என்பது அவளுக்குத் தோன்றியதும் நிறுத்திவிட்டாள். மறுபடி ஒரு மெயில் போட்டாள்.

கடையில் நடராசன் வேலைக்குப் போகும்முன் தானே நின்று பரிமாறிப் பார்த்தார். "ஒரு வாரம் மூடி வெச்சிட்டு அப்பறம் தொறக்கலாமே" என்றார். செல்வநாயகி கேட்கவில்லை. மூடினால் நோய் என்று நாமே சொன்ன மாதிரி ஆகிவிடும் என்பது அவர் எண்ணம். மாவைக் குறைத்துப் போட்டார், கடையை வழக்கம்போலத் திறந்தார். முழுக்கை ரவிக்கையையும் மாற்றவில்லை. கேட்டவர்களுக்குப் பதில் சொன்னார். கேட்காதவர்களிடம் தானாகப் போய்ச் சொல்லவில்லை.

ஒருவர் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது, நான் பெஞ்சில் இருந்தேன்.

"அக்கா, சொறியாமே?"

"சொறி இல்ல. சொரியாசிஸ்."

"அதுலயும் சொறி இருக்குதே."

"பேருலதான் இருக்குது" என்றார் செல்வநாயகி. அந்த ஆள் யோசித்துவிட்டு ஒரு டீ மட்டும் சொன்னார்.

இரண்டாவது மெயில் போன சில நாட்களில் போன் வந்தது. பேசியது டாக்டர் சுபாஷினி. புதுச்சேரியில் ஆஸ்பத்திரி வேலையோடு சேர்த்துச் சங்கத்தின் இணையதளத்தையும் பார்க்கும் பொறுப்பு அவருக்கு அப்போதுதான் வந்திருந்தது. மெயில் பெட்டியை நெடுநாளாக ஒருவரும் சரியாகப் பார்க்கவில்லை, திறந்ததும் உங்கள் கடிதம்தான் கண்ணில் பட்டது, படத்தை எடுத்துவிட்டுத்தான் கூப்பிடுகிறேன் என்றார். செல்வநாயகி போனை மகளிடம் கொடுக்காமல் தானே பேசினார்.

"தப்பு எங்களதுதாம்மா. முகம் இல்லன்னா போதும்னு நெனச்சிட்டோம்" என்றார் டாக்டர்.

"எங்க பள்ளிக்கூடத்து சர்ட்டிபிகேட்ல அங்க அடையாளம்னு அந்தப் பச்சையத்தாங்க எழுதியிருக்காங்க."

"என் சர்ட்டிபிகேட்ல கன்னத்து மச்சம்னு போட்டிருக்கும். இப்படி நான் யோசிக்கவே இல்ல" என்றார் டாக்டர்.

"எத்தினி பேரு பாத்திருப்பாங்க டாக்டரம்மா?"

"ஊர்வாரியாக் கணக்கு வரும். விருத்தாசலத்துலேர்ந்து நெறய பேரு வந்திருக்காங்க. யார் யாருன்னு எல்லாம் தெரியாது. தெரிஞ்சாலும் நான் சொல்லக்கூடாது."

செல்வநாயகிக்கு அந்தக் கடைசி வார்த்தை பிடித்திருந்தது. வேறு யாருடையதையும் சொல்ல மாட்டார் என்றால் நம்முடையதையும் சொல்ல மாட்டார் என்று அவர் கணக்குப் போட்டார்.

"மத்தவங்க போன்ல இருக்கறத எடுக்க முடியுங்களா?"

"முடியாதும்மா. அத எடுத்துடறேன்னு சொன்னா பொய்."

பிறகு டாக்டர் தயங்கி ஒன்று கேட்டார். பச்சை இருக்கும் இடத்தை வெட்டிவிட்டு, தோல் மட்டும் தெரியும்படி அந்தப் படத்தை வைத்துக்கொள்ளலாமா, பார்த்துத் தெரிந்துகொள்கிறவர்களுக்கு உதவும் என்றார். செல்வநாயகி யோசிக்கவில்லை. "வேணாங்க. இப்ப வேணாம்" என்றார். சரிம்மா என்று டாக்டர் அதோடு விட்டுவிட்டார். ஏன் என்று கேட்கவில்லை.

படம் போனது. ஊர் அதற்குள் பார்த்து முடித்திருந்தது. தீபாவளிக்குப் பிறகு ஒருநாள், வியாபாரம் முடிந்து குண்டானைக் கவிழ்த்து வைத்திருந்த நேரத்தில் மதிவாணன் வந்தார். ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பெயரும் வேலையும் நான் கொடுத்தவை. அவரைப் பற்றி எழுதலாமா என்று செல்வநாயகியே போய்க் கேட்டு, சரி என்று வந்து சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். அதற்கு முன்னால் தினமும் அங்கே சாப்பிட்டவர், புரட்டாசியிலிருந்து வரவேயில்லை.

"இட்லி முடிஞ்சிடிச்சி தம்பி."

"சாப்பிட வரலக்கா." நின்றுகொண்டே இருந்தார். "அந்தப் படத்த நம்ம ஊருல மொதல்ல பாத்தது நான்தான். ஒரே ஒருத்தருக்குத்தான் அனுப்புனேன். நம்ம அக்கா கை மாதிரி இருக்குதேன்னு கேட்டு. அவரு இப்பிடிப் பண்ணுவாருன்னு நெனக்கல."

செல்வநாயகி துடைத்துக்கொண்டிருந்த பெஞ்சையே மறுபடி துடைத்தார். அப்புறம் கேட்டார், "நீ எதுக்குத் தம்பி அந்தப் பக்கத்துக்குப் போன?"

மதிவாணன் தெருவைப் பார்த்தார். "வூட்டுல... அவளுக்கு. தலையில, காதுக்குப் பின்னால, கழுத்து வரைக்கும். சீப்பு போட்டா கொத்தா உதிருது. அவங்க அம்மா வூட்டுக்குக்கூடத் தெரியாது. நானும் அதுல எழுதிக் கேட்டிருந்தேன். பதில் வந்திருக்குதான்னு பாக்கப் போனப்பதான் ஒங்க கை..." குரல் தாழ்ந்தது. "நான் அனுப்புன அவ கழுத்துப் படம் அவங்ககிட்ட இருக்குதுக்கா. ஒங்களுக்கு நடந்தது அவளுக்கும் நடந்துடுமோன்னு பயமா இருக்குது."

"கோவம் வந்துச்சி சார்" என்று இந்த இடத்தில் செல்வநாயகி என்னிடம் சொன்னார். "வராம இருக்குமா? நல்லா கேட்டுடணும்னுதான் வாயத் தொறந்தேன். ஆனா அந்தப் பொண்ணோட கழுத்து நெனப்பு வந்துடிச்சி. நான் பாத்ததுகூட இல்ல. முந்தானைய இழுத்து இழுத்து மூடிக்கினு நடக்கும்ல, நான் கைய மூடுனாப்பல."

படத்தை நீக்கிய டாக்டரம்மா போனில் பேசியதைக் கேள்விப்பட்டிருந்த மதிவாணன், மனைவியின் படத்தையும் போடாமல் நிறுத்தச் சொல்ல அவருடைய நம்பர் வேண்டும் என்றார். செல்வநாயகியின் போனில் அது இருந்தது. கொடுக்கவில்லை.

"அவங்க எனக்குன்னு குடுத்த நம்பரு தம்பி. அவங்களக் கேட்டுட்டுத் தரேன். ஒம் பேரச் சொல்ல மாட்டேன், ஒருத்தரு கேக்கறாருன்னு மட்டும் சொல்றேன்."

அன்றைக்கே கேட்டார். டாக்டர் கொடுக்கச் சொன்னார். கொடுத்தார். அதற்கு மேல் அதைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாளிலிருந்து மதிவாணன் பழையபடி வந்து, தெருவைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார். கம்பெனியில் இட்லிக் கடைப் பேச்சு வந்தபோது, அது ஒட்டற நோயே இல்ல, டாக்டரே சொல்லியிருக்காரு என்று சொன்னாராம். ஒனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, படிச்சேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாகப் பலர் திரும்பினார்கள். சிலர் திரும்பவில்லை. பன்னும் டீயும் பழகிப்போனவர்களும் உண்டு, இன்னும் அருவருப்பு விடாதவர்களும் உண்டு. அவர்களில் இரண்டு பேர் செல்வநாயகிக்குச் சொந்தக்காரர்கள். எதிரே பார்த்தால் அவர் சிரிக்கத்தான் செய்கிறார். கடையில் முன்பு இருந்த அளவு மாவு இப்போது போடுவதில்லை.

சித்திரையில் டாக்டர் சுபாஷினி மறுபடி கூப்பிட்டார். இணையதளத்தில் கேள்வி அனுப்பும் பக்கத்தை மாற்றிவிட்டோம், தமிழிலும் போட்டிருக்கிறோம், பெரிய எழுத்தில் என்றார். படம் அனுப்பும்போது மச்சம், பச்சை, தழும்பு, தாலி தெரியாமல் எடுக்கச் சொல்லி மேலேயே எழுதியிருக்கிறோம். பழைய படங்களில் சொந்தக்காரரைக் கேட்டுச் சம்மதம் வராததையெல்லாம் எடுத்தாகிவிட்டது. சங்கத்தில் இதற்கு ஒப்புக்கொள்ளாதவர்களும் இருந்தார்கள், படமே இல்லாமல் மக்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று கேட்டார்கள், அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை என்றும் சொன்னார்.

செல்வநாயகிக்கு அந்த நேரத்தில் மதிவாணன் வீட்டுப் பெண்ணின் நினைவு வந்திருக்கிறது. அப்படி ஒரு படத்தைப் பார்த்துத்தானே ஒருத்தர் தனக்கு வந்ததைத் தெரிந்துகொள்ள முடியும் என்று தோன்றியது. "வலது கையில பச்சை இல்லைங்க. அத வேணா படம் புடிச்சித் தரட்டுங்களா?" என்றார்.

"இப்ப கையில இருக்குதாம்மா?"

அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழங்கை வரை ஒரு புள்ளி இல்லை. "இல்லீங்க. வெயிலுக்குப் போயிடுச்சி."

டாக்டர் சிரித்துவிட்டார். "இல்லாம இருக்கறதுதான் எனக்கும் சந்தோஷம். விடுங்க."

போன மார்கழியில் வலது முழங்கையில் திரும்ப வந்தது. களிம்பு பழைய மாதிரி கேட்கவில்லை. அகல்யா போனை எடுத்து அதே பக்கத்தைத் திறந்தாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அருகில் உட்கார்ந்தார். இந்த முறை எழுத்துத் தமிழில் இருந்ததால் அவரே கண்ணைச் சுருக்கிக்கொண்டு, உதடு அசைய, நிதானமாகப் படித்தார். படத்தையும் குழாயடியில் எடுக்காமல் ஒரு வெள்ளைத் துண்டின்மேல் கையை வைத்து எடுத்தார்கள்.

கீழே மூன்று கட்டங்கள் இருந்தன. எனக்குப் பதில் சொல்வதற்கு மட்டும் இந்தப் படத்தைப் பார்க்கலாம் என்பது முதலாவது. தொட்டார். மற்ற டாக்டர்கள் படிப்பதற்குக் காட்டலாம் என்பது இரண்டாவது. கொஞ்சம் யோசித்து, "படிக்கிற பசங்க பாக்கட்டும்" என்று அதையும் தொட்டார். பொதுமக்கள் பார்க்கும் பக்கத்தில் வெளியிடலாம் என்பது மூன்றாவது. அதன் மேல் விரலைக் கொண்டுபோய்விட்டு எடுத்துக்கொண்டார்.

"அன்னிக்கி டாக்டர்கிட்ட நீயேதான தரேன்னு சொன்ன?" என்றாள் அகல்யா.

"அன்னிக்கிச் சொன்னேன். இன்னிக்கி யோசிக்கறேன். இதத் தொடலன்னா போவாதா?"

"போவும்மா. இப்பல்லாம் மொதக் கட்டம் மட்டும் போதும்."

"பதில் வருமா?"

"வரும்னுதான் போட்டிருக்குது."

"அப்ப அது கெடக்கட்டும். அவங்களுக்கு வேணும்னா கேக்கட்டும், கேக்கறப்ப சொல்றேன்."

அகல்யா அனுப்பு என்பதைத் தொட்டாள். மூன்றாவது கட்டம் காலியாகவே போனது.